நாற்பத்தாறு கிராம் பேட்டரி

அண்ணே, அண்ணே! கொஞ்சம் இருங்க. டிக்கெட்டை எடுக்கறப்ப பாக்கெட்லருந்து சாவிக்கொத்தோட ஒண்ணு வந்துச்சே, ஊதா கலர்ல, அது என்ன? பேட்டரிதானே? வேப் பேட்டரி, அந்த எலக்ட்ரானிக் சிகரெட்டுக்குப் போடறது. அய்யோ, திரும்பவும் அதே பாக்கெட்லயே போடறீங்களே! எடுங்க. முதல்ல அதை வெளிய எடுங்க.

கோச்சுக்காதீங்க. முன்னப்பின்ன தெரியாத பொம்பள, உக்காந்ததும் உக்காராததுமா என் பாக்கெட்டைப் பத்திப் பேசுதேன்னு நெனைக்காதீங்க. இந்த பஸ்ஸு சுங்கைப்பட்டாணி போய்ச் சேர்ற வரைக்கும் அஞ்சு மணி நேரம் நானும் உங்க பக்கத்துலதானே உக்காந்து வரணும்? உங்க தொடை வெந்தா என் சேலையும் சேர்ந்துதான் வேகும்.

இந்தாங்க, இந்த டப்பாவுல போடுங்க. ரெண்டு பேட்டரி படுக்கலாம். எங்கிட்ட எப்பவும் ஒண்ணு கூடுதலா இருக்கும், வச்சுக்குங்க, திருப்பித் தர வேணாம். பேட்டரியோட தலை பிளஸ்ஸு. மத்த உடம்பு பூரா மைனஸ்ஸு, மேல சுத்தியிருக்கற அந்த மெல்லிசு பிளாஸ்டிக்தான் அதுக்குத் துணி. துணி கிழிஞ்சிருந்து, உங்க சாவி ரெண்டையும் ஒண்ணாத் தொட்டுச்சுன்னு வைங்க, அவ்ளோதான். எங்க, காட்டுங்க. துணி கிழியல. நல்லவேளை. ஆனா எடை கம்மி மாதிரி தெரியுதே... சரி, அதை அப்புறம் பாப்போம்.

எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? நான் வேப் இழுக்கறவ இல்லண்ணே, சத்தியமா. கிள்ளான்ல நகைக்கடையில வேலை, இருபத்திரண்டு வருஷமா. தனபாக்கியம்னு பேரு. கடையில பாக்கியம் அக்கா. இந்தப் பேட்டரி படிப்பெல்லாம் போன வருஷம் படிச்சது. எங்க வீட்டுக்காரருக்காகப் படிச்சது.

அவரு பேரு கேசவன். பள்ளிக்கூட பஸ் ஓட்டறாரு. காலையில நாலரைக்கு எழுந்திரிச்சு, முகம் கழுவறதுக்கு முன்னால ஒரு சிகரெட்டு. அப்படி முப்பது வருஷம். நானும் கத்திப் பாத்தேன், அழுது பாத்தேன், ஒரு தடவை பெட்டியோட தண்ணியில முக்கிக்கூடப் பாத்தேன். வெயில்ல காய வச்சு இழுத்தாருண்ணே அந்த மனுஷன்!

போன வருஷம் ஜூன் மாசம் மக போன் பண்ணா. தர்ஷினி, சுங்கைப்பட்டாணியில டீச்சர். மாசமா இருக்காளாம். கல்யாணமாகி ஆறு வருஷம்ணே. நான் அழுதுட்டேன். இவரு சந்தோஷத்துல ஒரு சிகரெட்டைப் பத்த வச்சாரு. லைட்டர் சத்தம் போன்ல அவளுக்குக் கேட்டுருச்சு. "அப்பா, இப்பவே சொல்லிட்டேன். சிகரெட் நாத்தத்தோட வந்தா என் பிள்ளையைத் தூக்க விடமாட்டேன். தூரமா நின்னு பாத்துட்டுப் போங்க"ன்னா. சொன்னா சொன்னதுதான் அவ. யாரைப் போலன்னு கேக்காதீங்க.

இவரு கையில இருந்த சிகரெட்டை அப்படியே கீழ போட்டு மிதிச்சாரு. முப்பது வருஷத்துல அவரு பாதியில அணைச்சு நான் பாத்த முதல் சிகரெட்டு அதுதான்.

ஆனா விடறதுன்னா சும்மாவா? கிராம்பு மென்னாரு, சூயிங்கம் மென்னாரு. சோத்துல உப்பு இல்லைன்னு கத்தினாரு, இருக்குன்னா அதிகமா இருக்குன்னு கத்தினாரு. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு பஸ் டிரைவர்கிட்டருந்து ஒரு வேப் வாங்கிட்டு வந்தாரு. இதுல நாத்தம் இல்லை, மாம்பழ வாசனைதான்னாரு. கிளினிக்ல டாக்டர் கேட்டுட்டு, அதுவும் நல்லதில்ல, அதையும் சீக்கிரம் விடப் பாருங்கன்னு சொன்னாரு. அந்தப் புகையைப் பத்தியெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. என் கவலையெல்லாம் பேட்டரிதான்.

ஏன்னா அந்த வாரம்தான் வாட்சப்ல ஒரு வீடியோ வந்துச்சு. எந்த நாடோ, ஒரு ஆளு கடையில வரிசையில நிக்கறாரு, திடீர்னு கால்சட்டையில பட்டாசு. குதிக்கறாரு, குதிக்கறாரு, அப்படிக் குதிக்கறாரு. நான் உடனே எங்க வீட்டுக்காரரோட கால்சட்டையைத் தேடி எடுத்தேன். உள்ள பாத்தா சாவி, சில்லறை, நடுவுல ரெண்டு பேட்டரி. உங்களை மாதிரியேதாண்ணே!

அந்தப் பேட்டரி ஆன்லைன்ல வாங்கினது. மலிவு. மேல பெருசா ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்னு எழுதியிருக்கு. இவரு பெருமையா, "பாரு, பெரிய நம்பரு"ங்கறாரு. பதினெட்டு காரட்டுல இருபத்திரண்டுன்னு முத்திரை குத்திக் கொண்டாந்து நீட்டற ஆளுங்களைத் தினம் பாக்கறவ நான். எழுத்தை நம்புவேனா? மறுநாள் கடைக்கு எடுத்துட்டுப் போயி, திறக்கறதுக்கு முன்னால நகைத் தராசுல வச்சேன். இருபத்தொன்பது கிராம். முதலாளி பின்னால நின்னு பாத்துட்டு, "என்ன பாக்கியம், யாரு அடகு வச்சது?"ங்கறாரு.

அந்த இருபத்தொன்பது கிராமை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை இவரையும் இழுத்துக்கிட்டு யோகன் கடைக்குப் போனேன். யோகன் எங்க தாமான்ல வீட்டு வரிசை முடியற முனையில வேப் கடை வச்சிருக்கற ஆளு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ரெண்டு கையிலயும் பச்சை குத்தியிருப்பாரு, பாத்தா பயமா இருக்கும், பேசினா பச்சைப் புள்ளை. "நல்ல பேட்டரி எத்தனை கிராம் இருக்கணும்?"னு கேட்டேன். அந்த மனுஷன் முழிச்சாரு. அந்தக் கடையில அதுவரைக்கும் யாரும் பேட்டரியை எடை கேட்டு வாங்கினதே இல்லையாம். நான் கைப்பையிலருந்து சின்னத் தராசை எடுத்து கண்ணாடி மேல வச்சேன். அவரு நல்ல பேட்டரின்னு எடுத்துக் குடுத்ததை வச்சுப் பாத்தா நாப்பத்தாறு. எங்க வீட்டுக்காரரோடதை வச்சா இருபத்தொன்பது. ஒரே உயரம், ஒரே பருமன், பதினேழு கிராம் எங்க போச்சு? உள்ள காத்துண்ணே. கொலுசு செய்யறவன் பண்ற அதே வேலை.

யோகன் அசந்துட்டாரு. அன்னைக்கு முழு விவரமும் சொல்லிக் குடுத்தாரு. நீங்களும் கேட்டுக்குங்க. இந்த அளவுப் பேட்டரியில மேல எழுதற நம்பரு, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கற கணக்கு, மிஞ்சிப்போனா மூவாயிரத்து ஐநூறுதான் இருக்கும், அதைத் தாண்டி ரொம்பத் தூரம் போயிருந்தா, அப்படியே கீழ வச்சுட்டு வந்துடணும். அதுமில்லாம வேப்புக்கு அந்த நம்பரு முக்கியமே இல்ல. தொட்டி எவ்வளவு பெருசுங்கறது ஒண்ணு, குழாய் எவ்வளவு பெருசுங்கறது இன்னொண்ணு. வேப்பு ஒரே நேரத்துல நெறைய இழுக்கும், அதைத் தாங்கற குழாய் வேணும். அது ஆம்பியர் கணக்கு. குழாய் சின்னதா இருந்தா சூடாகும், சூடானா வீடியோவுல வருவீங்க.

அப்புறம் ஜோடி. எங்க வீட்டுக்காரரோட வேப்புல ரெண்டு பேட்டரி. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே நாள் வாங்கினதா இருக்கணும், ஒண்ணா சார்ஜ் போட்டு ஒண்ணா எடுக்கணும். புதுசையும் பழசையும் கலந்தா, பழசு பாவம், புதுசுக்கு ஈடு குடுக்க முடியாம சூடாயி செத்துப் போகும். இதை எனக்குச் சொல்லணுமா? தோட்டுல ஜோடி மாறிப்போயி ஒரு கல்யாணமே நிக்கப் பாத்த கடை எங்க கடை. நான் உடனே நல்லதா ரெண்டு ஜோடி வாங்கி, ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து ஒரு ஜோடிக்குச் சிவப்புப் பொட்டு, இன்னொரு ஜோடிக்குப் பச்சைப் பொட்டு வச்சுட்டேன். கடையில வரிசையில நின்ன பசங்கல்லாம் கைதட்டினாங்கண்ணே. எங்க வீட்டுக்காரர் வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய போயி நின்னாரு.

அதுலருந்து ஞாயித்துக்கிழமையானா எங்களுக்கு அதே வேலை. ஒரு ஜோடி ஒரு நாள்தான் தாங்கும், அப்படி இழுப்பாரு அப்ப. சார்ஜர்ல போடறது நானு. முழிச்சிருக்கறப்பதான் போடுவேன், போட்டுட்டு எதிர்லயே உக்காந்து கத்திரிக்கா நறுக்குவேன். வீட்டுக்குள்ள இழுக்கக்கூடாதுன்னு சட்டம். வாசல்ல போயி செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே இழுப்பாரு. மாம்பழ வாசனையை மோந்து பக்கத்து வீட்டம்மா, "உங்க வீட்டுல தினம் பாயாசமா?"ன்னு கேட்டாங்க.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆயுத பூஜை வந்துச்சு.

சிரிக்கக்கூடாது, சொல்லிட்டேன். ஆயுத பூஜைக்கு எங்க வீட்டுல எல்லா ஆயுதமும் சாமிகிட்ட வைப்போம். அவரு பஸ் சாவி, என் தராசு, அருவாமனை, தையல் மிஷினு, மிக்ஸி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். அந்த வருஷம் புதுசா ரெண்டு ஜோடி பேட்டரி இருக்கே! மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தற ஆயுதமே அதுதானே? நான் நாலையும் பித்தளைத் தாம்பாளத்துல நிக்க வச்சேன். அழகா நின்னுச்சுங்க, நாலு சின்னச் சின்ன சாமி மாதிரி. பொட்டு ஏற்கனவே இருக்கு. பூ வச்சேன். மொட்டையா இருக்கறமாதிரி தோணுச்சு. நகைக்கடைக்காரி கை சும்மா இருக்குமா? கழுத்துல கிடந்த மெல்லிசு சங்கிலியைக் கழட்டி நாலு தலையையும் சுத்தி மாலை மாதிரி போட்டு, நுனியைத் தாம்பாளத்துல தொங்க விட்டேன்.

புரியுதா? தலை பிளஸ்ஸு. அடி மைனஸ்ஸு, அது தாம்பாளத்துல நிக்குது. தலைக்கும் தாம்பாளத்துக்கும் நடுவுல என் சங்கிலி. தங்கம்! மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை எங்க கெடைக்கும்?

கற்பூரம் ஏத்தறதுக்கு முன்னாலயே வெளிச்சம் வந்துருச்சுண்ணே. சங்கிலி செக்கச்செவேல்னு ஆயிருச்சு. பூ கருகுது. ஒரு பேட்டரி உஸ்ஸுன்னு சீறுது. எனக்கு வேற எதுவும் தோணல, ஐயோ தங்கமாச்சேன்னு கை போயிருச்சு. இவரு எங்கிருந்துதான் வந்தாரோ, என் கையை ஒரு தட்டுத் தட்டிட்டு, ரெண்டு விரலால அந்தச் சங்கிலியை இழுத்து வீசினாரு. அப்புறம் இடுக்கியை எடுத்து, சீறின பேட்டரியைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடி மணல் தொட்டியில போட்டாரு. எல்லாம் நீங்க ரெண்டு தடவை மூச்சு விடற நேரம்தான்.

எனக்கு ஒரு கீறல் இல்ல. அவருக்கு ரெண்டு விரலும் வெந்துருச்சு. வடு இன்னும் இருக்கு, சங்கிலிக் கண்ணி அச்சு அப்படியே பதிஞ்சிருக்கு. கோவிச்சுக்குவாருன்னு நெனச்சேன். தண்ணியில கையை வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன். "பாத்தீங்களா, சுத்தமான தங்கம், அதான் அப்படிப் பத்திக்கிச்சு, கலப்படமா இருந்தா இவ்ளோ வேகம் இருக்குமா"ன்னு. பயத்துல வாய் நிக்கலண்ணே, அதுதான் உண்மை.

அந்த நாலு பேட்டரியையும் யோகன்கிட்டயே குடுத்துட்டோம், அவரு முறையாக் கழிச்சுடறேன்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை புதுசா ஒரே ஒரு ஜோடி வாங்கினோம். இந்தத் தடவை நான் சும்மா விடல. கடையில இருந்த இருபது பேட்டரியையும் எடை போட்டேன். துணியில ஒரு சின்ன மடிப்பு இருந்தாக்கூட ஒதுக்கினேன். யோகன்கிட்ட மீட்டர் வச்சு ஒவ்வொண்ணா அளக்கச் சொன்னேன், கடைசியில ரெண்டு தேறுச்சு. அண்ணன் தம்பி மாதிரி, புள்ளி கூட மாறல. நாப்பத்தாறு கிராம், நாப்பத்தாறு கிராம். இவரு பின்னால நின்னு, "நீயே பாரு, உனக்குத்தான் தெரியும்"னாரு.

அந்த ஜோடி இருக்கே அண்ணே! அதைப் பத்திச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். முன்னால ஒரு ஜோடி ஒரு நாள் தாங்கும்னு சொன்னேன்ல? இது ஒரு வாரம் தாங்குச்சு. அடுத்த மாசம் ரெண்டு வாரம். நான் யோகன்கிட்டப் போயி, "என்னய்யா இது, அதிசயமா இருக்கு"ங்கறேன். யோகன் எங்க வீட்டுக்காரரைப் பாக்கறாரு, எங்க வீட்டுக்காரர் சீலிங்கைப் பாக்கறாரு. அப்புறம் யோகன், "ஆண்ட்டி, எல்லாம் உங்க செலக்‌ஷன்"னாரு. சும்மா புகழற ஆளில்ல யோகன்.

பேட்டரி நல்லா இருந்தா வேப்புல ஊத்தற அந்தத் தண்ணி கூட மிச்சமாகுதுண்ணே, தெரியுமா? தீபாவளிக்கு முன்னால வாங்கின பாட்டில். இன்னும் பாதிக்கு மேல இருக்கு. பாட்டில் விக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சா நல்ல பேட்டரியே செய்யவிட மாட்டாங்க.

இருந்தாலும் எங்க வீட்டுக்காரருக்கு மனசு சமாதானம் ஆகாது. ஞாயித்துக்கிழமை காலையில பசியாறிட்டு, "பாக்கியம், பேட்டரி ஒரு மாதிரியா இருக்கு, வா போயி அளந்துட்டு வரலாம்"பாரு. போவோம். அளந்தா ஒண்ணும் இருக்காது. நான் கடையில இருக்கற புதுப் பேட்டரியெல்லாம் எடை போட்டுப் பாப்பேன். இப்ப அங்க வர்ற பசங்க எங்கிட்ட காட்டாம வாங்கறதில்ல. அப்புறம் அப்படியே நடந்து, எங்கயாவது ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு, தெரு தெருவாச் சுத்திட்டு மத்தியானத்துக்குத்தான் வீட்டுக்கு வருவோம். பேட்டரி விஷயத்துல மனுஷன் அவ்வளவு உஷாரு.

தர்ஷினிக்குப் பொம்பளைப் புள்ளைண்ணே. பொறந்து இன்னைக்குப் பதினெட்டு நாள். ரெண்டு பேரும் ஓடினோம். ஆஸ்பத்திரிக் கட்டில்லருந்தே தர்ஷினி அப்பாவைக் கூப்பிட்டு, சட்டையை மோந்து, கையை மோந்து, அப்புறம்தான் குடுத்தா. இவரு கையில வாங்கினாரு பாருங்க... எனக்கு அதைச் சொல்லத் தெரியல. பஸ்ஸுல அம்பது புள்ளைங்களை ஏத்தி எறக்கற மனுஷன், ரெண்டரை கிலோவைத் தூக்கிட்டு நடக்கத் தெரியாம அப்படியே நின்னுட்டாரு. ஸ்கூல் லீவுங்கறதால அங்கயே தங்கிட்டாரு. நான் அடுப்படியை விட்டு நகரல. பத்தியச் சாப்பாடு, வேது, பூண்டுக் கஞ்சின்னு எனக்குத் தலைக்கு மேல வேலை. இவரு அடிக்கடி வெளிய போயிட்டுப் போயிட்டு வருவாரு. சரி, இழுக்கப் போறாருன்னு விட்டுட்டேன். திரும்பி வர்றப்ப கையில புள்ளையோட துணியெல்லாம் காய்ஞ்சு மடிச்சு இருக்கும்.

முந்தாநாள் மருந்துச் சாமான் எடுத்துட்டு வரலாம்னு நான் மட்டும் கிள்ளானுக்கு வந்தேன். வந்து செருப்பு அலமாரியைத் திறந்தா, உள்ள வேப்பு! உறையோட, அப்படியே. மறந்து வச்சுட்டு வந்திருக்காரு. பதினாறு நாளா இது இல்லாம அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பாரு! ஒரு வார்த்தை சொல்லலையே. எனக்கு அடுப்படி வேலை அதிகமா இருக்குன்னு சொல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. உடனே பேட்டரியைக் கழட்டி மீட்டர்ல வச்சேன். இப்ப எங்கிட்ட சொந்தமா மீட்டர் இருக்கு. நாலு புள்ளி ஒண்ணு ஏழு வோல்ட்டு. கிட்டத்தட்ட முழு சார்ஜ். நான் கடைசியா எப்ப சார்ஜ் போட்டேன்னு அதுல ஒட்டி வச்சிருக்கற தேதியைப் பாத்தா, பொங்கலுக்கு முந்தின வாரம்! ரெண்டு மாசம்ணே! ரெண்டு மாசம் இழுத்தும் சார்ஜ் குறையாத பேட்டரியை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

என்னண்ணே?

ஏன் அப்படிப் பாக்கறீங்க? சொல்லுங்க. பரவாயில்ல, சொல்லுங்க.

இழுத்தாத்தானே குறையும்னா... என்ன அர்த்தம்? அவரு இழுக்கறதே இல்லைன்னா சொல்றீங்க? அதெப்படி! தினம் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிப்பாரே. நான் பாத்திருக்கேனே. கையில வச்சுக்கிட்டு நிப்பாரு. செடிக்குத் தண்ணி ஊத்துவாரு. அப்புறம்... மாம்பழ வாசனை...

பக்கத்து வீட்டம்மா தீபாவளிக்கு அப்புறம் பாயாசத்தைப் பத்திக் கேக்கவே இல்ல.

இருங்கண்ணே, கொஞ்சம் இருங்க. பாட்டிலு பாதிக்கு மேல இருக்கு. ஒரு வாரம், ரெண்டு வாரம், ரெண்டு மாசம். ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் எல்லாம். அன்னைக்குத் தண்ணியில கையை வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரே...

அடப்பாவி மனுஷா!

அஞ்சு மாசம்ணே! அஞ்சு மாசமா என்னை ஏமாத்தியிருக்காரு! அந்த யோகனும் கூட்டு! செலக்‌ஷனாம் செலக்‌ஷன்! நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன், என் முதலாளிகிட்டச் சொல்லியிருக்கேன், கோயில்ல சொல்லியிருக்கேன், தைப்பிங்லருந்து வந்த மாப்பிள்ளையோட சொந்தக்காரங்களுக்கெல்லாம் எடை போட்டே காட்டியிருக்கேன்! விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா இவரு வாயிலருந்து முத்தா உதிர்ந்துரும்? இழுக்கறதை நிறுத்தினவரு எதுக்கு ஞாயித்துக்கிழமையானா பேட்டரி ஒரு மாதிரியா இருக்கு, வா போலாம், வா போலாம்னு என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்? எதுக்குங்கறேன்?

...

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்கே தெரியுது.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம்ணே. அவரு நாலரை மணிக்குக் கிளம்பிருவாரு, நான் கடை சாத்திட்டு வர்றப்ப தூங்கியிருப்பாரு. நாங்க பேசிக்கிட்டதையெல்லாம் எழுதினா ஒரு பக்கம்கூட வராது. சோறு இருக்கு. கேட்டைப் பூட்டியாச்சு. கரண்ட் பில் வந்துருச்சு. புள்ளையை வளத்தோம், கட்டிக் குடுத்தோம், அவ்ளோதான். ஒரு சேலை கூட அவரு என்னோட வந்து நின்னு வாங்கினதில்ல. நானும் குறைன்னு நெனச்சதில்ல, எல்லா வீட்டுலயும் அப்படித்தானே. பேட்டரி வாங்கத்தான் முதல் முதல்ல ரெண்டு பேரும் ஒண்ணாக் கடைக்குப் போனோம். விட்டுட்டேன்னு சொன்னா அதோட பேட்டரி வேணாம், கடை வேணாம், நான் பாட்டுக்கு ஞாயித்துக்கிழமை ஓவர்டைமுக்குப் போயிருவேன். அதுக்குப் பயந்துக்கிட்டு அந்த மனுஷன்...

எனக்குக் கோபமாத்தாண்ணே இருக்கு. கண்ணுல தண்ணி வந்தா கோபம் இல்லைன்னு அர்த்தமா? டிஷ்யூ வேணாம், முந்தானை இருக்கு.

இருங்க, போன். அவருதான். நூறு ஆயுசு. சத்தம் போடாதீங்க.

அலோ. ம்... கிள்ளான் தாண்டியாச்சு. ஏன் ரகசியம் பேசற மாதிரி பேசறீங்க? ஓ, நெஞ்சு மேலயா? தூங்கறாளா? சரி சரி, அசையாதீங்க. கழுத்தைத் தாங்கிப் பிடிங்க. ம்... எல்லாம் எடுத்துட்டேன், மருந்து, வெள்ளைத்துணி எல்லாம். என்னது? வேப்பா? ஆமா, செருப்பு அலமாரியில இருந்துச்சு. கொண்டாறேன். ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே உங்களுக்கு, பதினெட்டு நாளா... ஆமாமா. தெரியும், தெரியும், பாவம் நீங்க.

ஏங்க, இன்னொண்ணு. பேட்டரியை அளந்து பாத்தேன். ஒண்ணு ஒரு மாதிரியா இருக்கு. ஆமா, எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. ஜோடியாத்தான் மாத்தணும். நீங்களா போயி எதையாவது வாங்கிடாதீங்க, நான் வந்து எடை போட்டுப் பாத்தாத்தான். இந்த ஞாயித்துக்கிழமை போலாம், தர்ஷினி மாமியார் ஒரு மணி நேரம் புள்ளையைப் பாத்துக்கமாட்டாங்களா? அங்க பக்கத்துல கடை இருக்கான்னு மட்டும் விசாரிச்சு வைங்க.

என்னது? சத்தமாச் சொல்லுங்க, பஸ்ஸுல கேக்கல.

...

அண்ணே, என்ன சொல்றாரு தெரியுமா? வந்த அன்னைக்கே விசாரிச்சுட்டாராம். நடந்து போற தூரத்துல ரெண்டு கடை இருக்காம்.